எண்ணெய் மாற்ற விட்ட வண்டி

எண்ணெய் மாற்ற விட்ட வண்டியை மெக்கானிக் மைலேசி திருப்பித் தரமாட்டேன் என்கிறாள். முஃபுவே சந்தை முழுக்க இதுதான் பேச்சு.

வண்டி யோராமுடையது. கூரையில்லாத பழைய லேண்ட் குரூசர். லுவாங்வா காட்டுக்குள் வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிப்போய் மிருகங்களைக் காட்டுவதுதான் அவர் பிழைப்பு. மழை ஓய்ந்து சீசன் தொடங்குகிற நேரம். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், முன் பின் ஆக்சில் ஆயில் எல்லாம் மாற்றி, கிரீஸ் அடித்துக் கொடுக்க வேண்டும். காலையில் விட்டால் சாயங்காலம் எடுத்துவிடலாம்.

ஆனால் மைலேசியின் பட்டறைக்குப் போன வண்டி வெளியே வரவில்லை.

ஃபில்டர் சிப்பாட்டா டவுனிலிருந்து வரவேண்டும் என்றாள் முதலில். ஃபில்டர் வந்தது. பின் ஆக்சிலுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்து, ஆயில் பால் விட்ட டீ மாதிரி ஆகிவிட்டது என்றாள். புது ஆயில் விட்டு, கொஞ்சம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி விடவேண்டுமாம். சரி என்று போனால், அடுத்து பிரேக் ஆயில். அதற்கடுத்து ரேடியேட்டர் தண்ணீர்.

இதற்குள் யோராமின் பயணிகளை விடுதிக்காரர்கள் வேறொரு டிரைவரோடு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

யோராம் பட்டறைக்கே வந்து நின்றார்.

"பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்தினா போதும்னு கம்பெனிக்காரனே சொல்றான். நீ என்ன, வாரா வாரம் மாத்திக்கிட்டிருக்கே?"

"அது தார் ரோட்டுல போற வண்டிக்குண்ணே. நீங்க ஆத்துல இறக்குறீங்க, மணல்ல ஏத்துறீங்க. இதுக்கு ஐயாயிரத்துலயே மாத்தணும். தண்ணி புகுந்துட்டா கிலோமீட்டர் கணக்கெல்லாம் கிடையாது, உடனே மாத்தணும். இல்லேன்னா ஆக்சில் பிடிச்சுக்கிட்டு நடுக்காட்டுல நின்னுடும்."

"நின்னா நான் பாத்துக்கறேன். சாவியைக் குடு."

"வேலை முடியலைண்ணே."

சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, பட்டனையும் மாட்டிக்கொண்டு, வேறொரு வண்டிக்கடியில் படுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் வைத்து யோராம் அவளைத் திருடி என்றார். வண்டியை வெளியே வாடகைக்கு விடுகிறாள் என்றார். அந்த வண்டியில் மக்காச்சோள மூட்டை போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். எங்கே, எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாளே பட்டறையில் நின்ற இரண்டு வண்டிகளை அவற்றின் சொந்தக்காரர்கள் வந்து ஓட்டிப் போனார்கள். குடுத்துத் தொலையேன் என்று மைலேசியின் புருஷனே சத்தம் போட்டான். அவள் கிரீஸ் அடிக்கிற துப்பாக்கியைத் துடைத்தபடி, ஆகட்டும் என்றாள். அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கண் டாக்டர்கள் வந்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள்.

"வண்டிதான் இல்லையே, சும்மா உக்காந்து அவளைத் திட்டறதுக்குப் பதிலா என்கூட வாங்க" என்று யோராமின் மனைவி செலிபா அவரை இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். ஒன்றன்பின் ஒன்றாக அறுவை செய்தார்கள். யோராம் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்டார். இடையிடையே மைலேசியைத் திட்டினார்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய வாரம், வண்டி தயார் என்று ஆள் வந்தது.

யோராம் சாவியை வெடுக்கென்று வாங்கினார். நன்றி சொல்லவில்லை. வண்டி ஒரே திருகில் கிளம்பியது. கியர் வெண்ணெயாக விழுந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது அவர் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"இனிமே இந்த ஊர்ல ஒரு டிரைவரும் அவகிட்ட வண்டியை விடக்கூடாது. ஒவ்வொரு விடுதியா போய்ச் சொல்லப் போறேன்" என்றார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த செலிபாவிடம்.

"வண்டியை நிறுத்துங்க" என்றாள் அவள்.

நிறுத்தினார்.

"குடுக்காதேன்னு அவகிட்ட கெஞ்சினது நான்தான்."

யோராம் திரும்பி அவளைப் பார்த்தார்.

"போன சீசன்ல ஒரு யானைக்கு நேரா வண்டியை விட்டீங்க. பயமே தெரியாத மனுஷன்னு வெள்ளைக்காரங்க கைதட்டினாங்க. வீட்டுக்கு வந்து என்கிட்ட, எந்த யானையைச் சொல்றாங்கன்னு கேட்டீங்க. கண்ணைக் காட்டுவோம்னு எத்தனை தடவை கூப்பிட்டேன். தூசி, தூசின்னீங்க. டாக்டருங்க வர்றவரைக்கும் உங்களை வண்டியில ஏறவிடாம வைக்க எனக்கு வேற வழி தெரியலை. வேலையை எல்லாம் அவ எப்பவோ முடிச்சுட்டா."

யோராம் இன்ஜினை அணைத்தார்.

"அன்னிக்கு சர்ச் வாசல்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவ. எதுக்கு வாயை மூடிக்கிட்டு அத்தனையும் கேட்டுக்கிட்டா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'என்னைத் திருடின்னு சொன்னா ஊரு கொஞ்ச நாள்ல மறந்துடும்க்கா. அண்ணனுக்குக் கண்ணு தெரியலைன்னு தெரிஞ்சுபோனா, அப்புறம் பார்வை வந்தாலும் அவர் வண்டியில ஒருத்தரும் ஏறமாட்டாங்க'ன்னா."