பன்னிரண்டு மில்லிமீட்டர்

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டு மூடி பொருந்தவில்லை.

அவள் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். மூடி, உள்ளே பிராசசர் சூட்டைத் தணிக்கிற கூலரின் தலையில் முட்டி நின்றது.

சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் மோகனசுந்தரம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அவள் புருஷன். திருப்பூரில் பாதி ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களைத் திறந்து மூடிய கை அவனுடையது.

"டிபன் பாக்ஸ்ல கம்ப்யூட்டர் கட்டறாளாமா."

அவள் மூடியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

உள்ளறையில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதில்தான் பனியன் கம்பெனிகளுக்குப் பிரின்ட் டிசைன் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் முன்பு அவன் பாஸ்வேர்டை மாற்றினான். ஏன் என்று கேட்டாள். அரிசி களைந்தாயா என்று கேட்டான்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டி.

ஷூ டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. விரித்த கைக்குள் அடங்கும் மதர்போர்டு. அதற்கேற்ற குட்டி பவர் சப்ளை. கிராபிக்ஸ் கார்டு தனியாக வைக்க இடமில்லை, அதனால் அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கிற பிராசசர். ஒவ்வொன்றையும் அவளே படித்து, அவளே அளந்து வாங்கினாள்.

கூலரில் மட்டும் கோட்டை விட்டாள். பெட்டிக்குள் எழுபது மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் இடம். வந்தது எண்பத்திரண்டு.

அந்த டப்பா வந்த நாளிலிருந்து இதே மேசையில்தான் கிடந்தது. உயரம் அச்சிட்ட பக்கம் அவன் தட்டைப் பார்த்தபடி. ஒன்பது நாளும் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் அவன் சாப்பிட்டான்.

"டப்பாவப் பாத்த அன்னிக்கே தெரியும் எனக்கு, இது மூடாதுன்னு."

அவள் நிமிர்ந்தாள்.

"சொல்லியிருக்கலாமுங்களே."

"நீ கேட்டியா?"

அவ்வளவுதான்.

நாலு ஸ்க்ரூவையும் கழற்றினாள். கூலரைத் தூக்கி வைத்தாள். பிராசசர் மேல் அப்பியிருந்த, சூடு கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்தாள். அவன் கால் மேல் கால் போட்டு ரசித்துக்கொண்டிருந்தான். பிரித்த பொருளைக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான் என்பதையும் சொல்லி வைத்தான்.

எழுந்துபோய் பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தாள்.

இன்னொரு கூலர். தட்டையானது. அறுபத்தேழு.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"இத எப்ப வாங்குன?"

"ஒரு வாரமாச்சுங்க."

தப்பை அவள் இரண்டாம் நாளே கண்டுபிடித்திருந்தாள். உடனே மாற்றுக் கூலரும் வாங்கிவிட்டாள். பெரிய டப்பாவை மட்டும் மேசையை விட்டு எடுக்கவில்லை. இது பொருந்தாது என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிண்டலாகச் சொல்லட்டும், திட்டியாவது சொல்லட்டும். இந்த வீட்டிலேயே இருந்துவிடலாம்.

இன்று காலை வரை காத்திருந்தாள்.

புதுப் பேஸ்ட், ஒரு பயறளவு. கூலர் உட்கார்ந்தது. மூடி சத்தமில்லாமல் பொருந்தியது. டிவியில் செருகி ஆன் செய்தாள். படம் வந்தது. அணைத்தாள்.

"அது சரி, இத்தனை சின்னதா எதுக்கு?" குரல் இறங்கியிருந்தது. "ஊட்ல எடமா இல்ல?"

பெரிய கூலரை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

"உங்க மெஷினுக்கு இது சரியா இருக்குமுங்க."

பிறகு கதவுக்குப் பின்னால் தொங்கிய நீலத் தோள்பையை எடுத்து வந்தாள். துணிமணிகள் ஏற்கெனவே ஒரு பக்கம் மடிந்திருந்தன. மறுபக்கம் காலி. பெட்டியை அதில் இறக்கினாள்.

ஜிப் மூடுமா என்று அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவளுக்குச் சந்தேகமில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் அளந்தது அந்தப் பையைத்தான்.