ஹெல்மெட்டைக் கழட்டாதே!

"ஏம்மா விண்வெளி! நிலாவுக்கா போறே? சாமான் குடுக்கத்தானே போறே? அதைக் கழட்டி வையேன். பாக்குற எங்களுக்கே வேர்க்குது!"

மர நிழலில் உட்கார்ந்திருந்த டெலிவரிக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுடைய ஹெல்மெட்டுகள் வண்டிக் கண்ணாடிகளில் தொங்கின. தலைக்கு வாங்கியது கண்ணாடிக்குப் பாதுகாப்பு!

அவள் மட்டும் அந்த உச்சி வெயிலில் கறுப்புக் கண்ணாடி வைத்த முழு ஹெல்மெட், கழுத்து வரை ஜிப் இழுத்த ஜாக்கெட், கையுறை என்று நின்றாள். நிழலுக்கு வந்தாலும் கழற்ற மாட்டாள்.

"கறுத்துட்டா என்ன ஆகுறது? மகாராணிக்கு அந்தக் கவலை இருக்காதா?" என்றான் ஒருத்தன்.

"இந்த வெயில்ல அதை மாட்டினா மூளை வெந்துடும்மா" என்றார் மீசைக்காரர்.

"இருக்குறவங்கதானே கவலைப்படணும்? உங்களுக்கு என்னண்ணே?" என்றாள் அவள்.

சிரிப்பு அடங்குவதற்குள் மீசைக்காரரின் போன் கூவியது. பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒத்தை பேட்டரி!"

பெயரைக் கேட்டதுமே எல்லாருக்கும் முகம் சுண்டிப்போனது. மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. ஒரு நாள் ஒரே ஒரு பேட்டரி கேட்பார், இன்னொரு நாள் ஒரே ஒரு சோப்பு. அதையாவது ஒழுங்காகக் கேட்பாரா என்றால், அதுவும் இல்லை.

"பாரு, நான் வண்டியை எடுக்கலை, அதுக்குள்ள கேன்சல்! இன்னும் ரெண்டு நிமிஷத்துல திரும்பப் போடுவான். வெயில்ல மனுஷங்களை வெச்சு விளையாடுறான். அந்தக் கிழத்துக்கு நல்ல கதியே வராது!"

அவளுக்குச் சுருக்கென்றது. "அப்படிச் சொல்லாதீங்கண்ணே. பாவம், வயசானவரு."

சொல்லி வாய் மூடவில்லை, அவள் போன் கூவியது. அதே வீடு. ஒரு தீப்பெட்டி.

அவள் பிறந்து வளர்ந்த வீடு அது. பிடித்தவனைக் கட்டிக்கொண்டு படியிறங்கிய நாளோடு அந்தக் கதவு அவளுக்கு அடைபட்டுவிட்டது. அதற்கப்புறம் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது இந்த வேலையைச் சாக்கிட்டு வாசல் வரைக்கும் போகலாம், ஒரு நிமிஷம் அப்பாவைப் பார்க்கலாம். அடையாளம் தெரிந்துவிட்டால் அந்த ஒரு நிமிஷமும் போய்விடும். இதற்காக நெருப்பையே போர்த்திக்கொள்ளச் சொன்னாலும் போர்த்திக்கொள்வாள். அப்படி ஏங்கிக் கிடந்தாள்.

மாடி ஏறும்போதே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மணியை அடித்தாள்.

கதவைத் திறந்த அப்பா இன்னும் மெலிந்திருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. 'சாப்பிட்டீங்களாப்பா?' என்று தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டு, குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "சார், டெலிவரி" என்றாள்.

அவ்வளவுதான். கால் மடங்கிப் படியிலேயே சரிந்தாள். மூச்சு முட்டியது. கை தானாக ஹெல்மெட் பட்டைக்குப் போனது.

"கழட்டாதே!" அப்பா அலறினார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மாள் ஓடி வந்தாள். "நீங்கல்லாம் மனுஷன்தானா சார்? அந்தப் பொண்ணு மயங்கி விழுது, கழட்டாதேங்கறீங்க! செத்த நேரம் உக்காந்தா உங்க வாசப்படி தேஞ்சா போயிடும்? இரும்மா, நான் தண்ணி கொண்டு வர்றேன்."

அந்த அம்மாள் உள்ளே போனதும் அப்பா குனிந்தார்.

"பயப்படாதேம்மா. யாரு கொண்டு வர்றாங்கன்னுதான் போன்லயே பேர் வந்துடுதே, மக்கு! உன் பேர் வர்ற வரைக்கும்தானே நான் போட்டுப் போட்டு கேன்சல் பண்றேன்."

ஹெல்மெட்டுக்குள்ளேயே அவள் விம்மினாள். முகத்தை மூடத் தெரிந்தவளுக்குப் பேரை மூட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"அப்புறம் ஏம்ப்பா கழட்டாதேங்கறீங்க?"

அப்பா அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு அத்தனை பேர் எதிர்ல சத்தியம் பண்ணித் தொலைச்சுட்டேனே! நான் திரும்பிக்கிட்டேன், இப்பக் கழட்டி மூச்சு விட்டுக்கோ. அப்புறம் சீக்கிரம் மாட்டிக்கம்மா... நான் உன்னைப் பார்க்கணும்."