ஒருவழிக் குரல்

சுவக்கீனின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்ததைப் பார்த்ததும், கையிலிருந்த ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பதென்று ரிஜினுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வீட்டுக் கட்டிலில் கிடந்த மனிதர் அவனையே பார்த்தார். ஏதோ சொல்ல முயன்றார். சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை.

"ஒன்னத்தான் 'வா'ங்கிறாரு. உக்காரு தம்பி," என்றாள் அவர் மனைவி செபமாலையம்மாள்.

'வா' என்றதா அது? ரிஜினின் காதில் 'நீதானேடா' என்றுதான் விழுந்தது.

இந்தத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. பூப்பாறை ரோட்டுக்கு மேடேறிப் போனால்தான் ஒரு கோடாவது தெரியும். தோட்ட ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் ரிஜின்தான், சும்மா கிடைக்கும் திறந்த மென்பொருளை ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் ஏற்றி, இன்டர்நெட் வழியாகப் பேசும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தான். எந்த வீட்டிலிருந்தும் தோட்டத்து டிஸ்பென்சரியைக் கூப்பிடலாம் என்று ஆனதும் லயமே அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

அதில் ஒரே ஒரு வேலையை மட்டும் அவன் தள்ளிப்போட்டிருந்தான். அவன் வைத்திருந்த எஸ்.ஐ.பி. முறையில் மணி ஒரு வழியாகப் போகும், குரல் இன்னொரு வழியாகப் போகும். நடுவில் ஏதாவது மறித்தால் மணி அடிக்கும், எடுப்பார்கள், குரல் மட்டும் போய்ச் சேராது. ஐ.ஏ.எக்ஸ். முறைக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒரே வாசல் வழியாகப் போகும், வம்பில்லை. இதெல்லாம் தெரிந்தும், அந்தோணியார் திருவிழா முடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று சப்பரத்துக்கு சீரியல் பல்பு கட்டப் போய்விட்டான் புண்ணியவான்.

திருவிழா அன்று சாயங்காலம்தான் சுவக்கீன் விழுந்தார். வெளியே நல்ல மழை, லயத்து சனமெல்லாம் கோயிலில். செபமாலையம்மாள் டிஸ்பென்சரிக்குப் போன் போட்டிருக்கிறாள். பேச முடியாமல் போய்விட்டதாம். நனைந்துகொண்டே கோயிலுக்கு ஓடி ஆள் கூட்டி வந்து, ஜீப் பிடித்து, போடி மெட்டு இறங்கித் தேனி ஆஸ்பத்திரியைச் சேர்வதற்குள் வலது பக்கம் முழுக்க இழுத்துவிட்டது.

"கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமே," என்று டாக்டர் சொன்னாராம். லயம் முழுக்க அதே பேச்சு. ரிஜின் வைத்த போன் கழுத்தறுத்துவிட்டது என்று ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. அவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே டிஸ்பென்சரிக்கு ஓடினான். கம்பவுண்டர் அமிர்தநாதன் திருவிழாவுக்குப் போயிருந்ததால், அன்று போனை எடுத்தது உதவிக்கு இருக்கும் பின்சி.

"ஹலோ ஹலோன்னு தொண்ட வத்தக் கத்துனேன்ணே. யாரும் பேசல. தகரத்துல மழ அடிக்கிற எரச்சல் மட்டுந்தான் கேட்டுச்சு. அப்பறம் கட்டாயிருச்சு."

எரச்சல் என்று கேட்டதுமே அது லைனின் இரைச்சல்தான் என்று ரிஜின் முடிவுகட்டிவிட்டான். அவன் பயந்த கோளாறேதான். அங்கிருந்தே போட்டுப் பார்த்தபோது என்னவோ நன்றாகத்தான் கேட்டது. ஆனால் அது வரும், போகும் என்பது அவனுக்குத் தெரியாதா? அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினான். மாற்றி என்ன பிரயோசனம்? விழுந்தவர் விழுந்ததுதானே.

கிளம்பும்போது பின்சி தயங்கித் தயங்கி, "நீங்க பாக்கப் போனீங்கன்னா, மாமாவுக்கு எப்பிடி இருக்குன்னு எனக்கும் வந்து சொல்லுங்கண்ணே," என்றாள்.

இதோ, பார்க்க வந்தாயிற்று. எத்தனை நேரம்தான் ஆரஞ்சுப் பையையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? செபமாலையம்மாளிடம் நீட்டினான்; அவள் ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"அத்த, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

தள்ளிப்போட்ட வேலையையும், குரல் போய்ச் சேராத கோளாறையும், சீரியல் பல்பு கட்டப் போனதையும் ஒன்று விடாமல் சொன்னான். "மாமா இப்பிடிக் கெடக்குறதுக்கு நாந்தான் காரணம். மேனேஜர்ட்ட சொல்லி வேலய விட்டுட்டுப் போயிர்றேன். நீங்க என்ன ரெண்டு அறை அறைஞ்சாக்கூடத் தேவல."

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த செபமாலையம்மாளின் கை நின்றது. கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். சுவக்கீன் கண்ணயர்ந்திருந்தார். எழுந்து ரிஜினின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வேல கீலய விட்டுறாதய்யா," என்றாள் மெதுவாக. "ஒம் போன்ல ஒரு கொறையுமில்ல. பேசியிருந்தா கேட்டிருக்கும்."

"இல்லத்த, பின்சி எவ்வளவோ கத்திருக்கா. இங்கிட்டுருந்து ஒண்ணும்..."

"அவ கத்துனது கேட்டுச்சு. அவ கொரலுன்னு தெரிஞ்சதுந்தான் நான் வச்சேன்."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண் இரண்டும் நிறைந்து வழிந்தது.

"அவுக வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்த இல்லய்யா."