ஈரச் செருப்பு

“டீச்சரே, இந்த ஆளு ஏன் அடுப்புல ரெண்டே ரெண்டு விறகு வெக்கான்? அவனுக்க வீட்டுல விறகு இல்லியா?”

ஏட்டு ராஜையன் நோட்டில் விரல் வைத்துக் கேட்டார். அனந்தலக்ஷ்மி பென்சிலை எடுத்தாள். அவள் தமிழாக்கிய நாற்பது சீனக் கவிதைகளில் இதுதான் கடைசி. இது மட்டும் பிடிகொடுக்கவில்லை.

ஹாங்காங்கிலிருந்து அவள் வரவழைத்த புத்தகத்தைத் தபாலாபீஸில் பிரித்துப் பார்த்ததில் ஆரம்பித்தது எல்லாம். சீனாவோடு சண்டை முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. புத்தகத்தில் பக்கம் பக்கமாகச் சீன எழுத்து. ஒவ்வொரு எழுத்தின் கீழும் ஒற்றை இங்கிலீஷ் வார்த்தை. விசாரிக்க வந்தவர் ராஜையன். ரகசியப் பிரிவு என்பதால் சீருடை கிடையாது. வெள்ளை வேட்டி, சட்டை. மலையாளிகள் நிறைந்த அந்தப் பிரிவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானாம். “ஆட்சேபணை இல்லை என்று போலீஸ் எழுதித் தரட்டும், அச்சிடலாம்” என்று மெட்ராஸ் பதிப்பாளரும் எழுதிவிட்டார். ராஜையன் ஞாயிறுதோறும் வலியசாலையில் அவள் வீட்டுக்கு வருவதும், கவிதை கவிதையாக அவள் அர்த்தம் சொல்வதும் அப்படித் தொடங்கியது.

முதல் வாரம், ‘வடக்கு எல்லையில் பனி’ என்ற வரியில் அவர் நின்றுவிட்டார்.

“எந்த எல்லையாக்கும்?”

“ஆயிரம் வருஷத்துக்கு முந்தின எல்லை.”

“அப்பம் நம்ம எல்லை அல்ல,” என்று நிம்மதியாகக் குறித்துக்கொண்டார்.

ஆனால் அவர் கேள்விகள் எல்லையோடு நிற்கவில்லை. படகில் போகிறவன் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை? கடிதத்தை எழுதி முடித்தவன் ஏன் கிழித்தான்? அவள் பாடம் நடத்தும் காலேஜில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. “பிரமாதம்” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். புரியாத இடங்களுக்கெல்லாம் அவள் அடிக்குறிப்பு வைத்திருந்தாள். ராஜையனிடம் அது செல்லவில்லை.

“கீழ எழுதியிருக்கத ஆரு வாசிப்பா? பாட்டுக்குள்ள வரணும், டீச்சரே.”

அடிக்குறிப்புகள் ஒவ்வொன்றாகப் போயின. சீனாவைப் பார்த்திராத, பார்க்கப் போகாத ஒரு மனுஷர் தன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்த நாட்டு மழையில் நனைவதை அவள் பார்த்தாள். எழுதுகிறவளுக்கு வேறென்ன வேண்டும் என்று தோன்றும். இது எத்தனை நாளைக்கு என்று உடனே பயமும் வரும். கவிதை தீர்ந்தால் கேள்வியும் தீர்ந்துவிடும்.

இன்று, சித்திரை வெயிலில் வியர்த்து வந்து உட்கார்ந்து, கடைசிக் கவிதையில் விறகை எண்ணிக்கொண்டிருந்தார் அவர்.

அவள் சீனப் புத்தகத்தைத் திறந்தாள். அடையாளத்துக்கு வைத்திருந்த மடித்த காகிதத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். எட்டே வார்த்தை. மழை, நண்பன், செருப்பு, ஈரம், அடுப்பு, விறகு, இரண்டு, மட்டும்.

“அவன் ஏழை. வேலை போன உத்தியோகஸ்தன்,” என்றாள். “இது ஒண்ணுக்கு மட்டும் அடிக்குறிப்பு இல்லாம முடியாது.”

ராஜையன் மோவாயைத் தடவினார்.

“ஏழையொண்ணும் அல்ல, டீச்சரே. செருப்பு காஞ்சா கூட்டுக்காரன் எழும்பிப் போயிருவான் இல்லியா? அதாக்கும் தீயைக் கொறச்சு வெக்கான்.”

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு அடிக்குறிப்பை அடித்தாள். ‘வீட்டில் இருப்பது இரண்டே விறகு’ என்ற வரியையும் அடித்தாள். புதிதாக எழுதி வாசித்தாள்.

“மழையோடு வந்தாய்.
அடுப்பருகே உன் ஈரச் செருப்பு.
இரண்டு விறகு போதும்.”

“கொள்ளாம், நல்லாட்டு இருக்கு,” என்றார் ராஜையன். காபி தீர்ந்த டம்ளரை வெகு நேரம் கீழே வைக்கவில்லை. “அப்பம், இதோட தீந்துதா?”

“முன்னாடி பண்ணினதுல அஞ்சாறு சரியா வரலைன்னு தோணறது. அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை பாக்கலாமா?”

“பின்னே, பாக்காண்டாமா? ரிப்போர்ட் செரியா இருக்கணுமே!” என்று எழுந்தார். படி இறங்கும்போது நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த அவள் கணவர் பஞ்சாபகேசன் குடையைக்கூட வைக்கவில்லை.

“அனந்தம், உன் ஏட்டை எங்கே பாத்தேன் தெரியுமோ? கிழக்கேகோட்டையில! காக்கி உடுப்பும் தொப்பியுமா பஸ்ஸுக்குக் கை காட்டிண்டு நிக்கறார்! கூட நின்ன கான்ஸ்டபிளை மெள்ளக் கேட்டேன். மாசியிலேயே டிராபிக்குக்கு மாத்தியாச்சாம். உன் சீனா பைலையும் அதோட மூடியாச்சாம்!”

“ஓகோ.”

“என்னடி ஓகோ? ரெண்டு மாசமா விசாரணைன்னு சொல்லிண்டு வந்து நம்மாத்துக் காபியைக் குடிச்சுட்டுப் போறார். வரட்டும் ஞாயித்துக்கிழமை, நானே கேக்கறேன்.”

“நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம்னா. டிக்காஷனைக் கொஞ்சம் கூடவே இறக்கி வைக்கறேன்.”

“உன்னை ஏமாத்தியிருக்கார், அனந்தம்!”

அனந்தலக்ஷ்மி சிரித்தபடி சீனப் புத்தகத்திலிருந்து அந்த அடையாளக் காகிதத்தை உருவி அவரிடம் நீட்டினாள். பஞ்சாபகேசன் பிரித்துப் படித்தார்: புத்தகத்தை அச்சிட ஆட்சேபணை இல்லை என்று போலீஸ் எழுதி, அவளுடைய காலேஜ் விலாசத்துக்கு மாசி மாதமே வந்து சேர்ந்துவிட்ட கடிதம் அது.