சீரம் கொடுத்த யோசனை

தங்கை என் மணிக்கட்டில் இருந்த கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். சொன்னால் கேட்கிற ஆளா அவள்? உள்ளே வந்ததும் பிடித்த கையை இன்னும் விடவில்லை.

பல வருடங்களாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய பியூட்டி பார்லர் இது. யார் முதலில் வாயை விட்டது என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது. கோபித்துக்கொண்டு போனவள் போனவள்தான்.

அவள் இடத்துக்கு நான் வேறு யாரையும் வைக்கவில்லை. 'வா' என்று கூப்பிடவும் என் வறட்டு கௌரவம் விடவில்லை.

காலையில் ஒரு வாடிக்கையாளர், முகத்தில் தடவுகிற இந்த பெப்டைட் சீரம் அப்படி என்னதான் செய்யும் என்று கேட்டார். தங்கை இங்கே இருந்தபோது எல்லோருக்கும் சொன்ன விளக்கத்தையே சொன்னேன்.

தோலை உறுதியாக வைத்திருப்பது கொலாஜன். அது உடையும்போது, உடைந்த துண்டுகள்தான் தோலுக்குத் தகவல் சொல்லும். சீரத்தில் இருப்பதும் அந்த மாதிரித் துண்டுகள்தான். எதுவும் உடையாமலே உடைந்துவிட்டதாகப் புளுகும். தோலும் பாவம், அதை நம்பிச் சரிசெய்யக் கிளம்பிவிடும்.

அவர் போனதும் தங்கைக்கு போன் போட்டேன். வழுக்கி விழுந்துவிட்டேன், கையை அசைக்க முடியவில்லை என்றேன்.

"அப்படியே உட்காரு. வந்துட்டே இருக்கேன்" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் கையில் கட்டு இருக்க வேண்டுமே என்று ஞாபகம் வந்தது. அவசரத்தில், கைக்குக் கிடைத்த துணியை நீளமாக மடித்துச் சுற்றிக்கொண்டேன்.

இப்போது அவள் விரல்கள் என் கையில். இதற்காகத்தான் இத்தனை நாளும் ஏங்கிக் கிடந்தேன்.

இன்னொரு சுற்று விலகியது. துணியில் வட்டமாக இரண்டு ஓட்டைகள்.

ஃபேஷியலுக்கு முகத்தில் விரிக்கிற துணி. கண்ணுக்காக வெட்டிய ஓட்டைகள். வருகிறவர்கள் முகத்தில் தினமும் அதை விரித்தவள் அவள்.

நான் தரையைப் பார்த்தேன். எழுந்து போய்விடுவாள். இனிமேல் நிஜமாகவே விழுந்தாலும் வரமாட்டாள்.

ஒரு சிராய்ப்புகூட இல்லாத என் மணிக்கட்டை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு துணியை உதறி, ஓட்டைகள் வெளியே தெரியாதபடி மடித்து, மறுபடியும் சுற்ற ஆரம்பித்தாள்.

"வீக்கம் ஜாஸ்தியா இருக்குக்கா. சரியாக ரொம்ப நாள் ஆகும்போல. நான் கூட இருந்து பார்த்துக்கறேன்."