அன்றாட வாக்கியங்கள்

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா இடது கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம். ஏம்மா, வீட்டுல யார்கிட்டயும் சொல்லலையா நீங்க?"

கண் டாக்டர் கேட்டது மனைவியிடம். முந்திக்கொண்டு பதில் சொன்னவர் கணவர்.

"சொன்னாத்தானே டாக்டர்! இவ எப்பவும் இப்படித்தான். எதையும் உள்ளுக்குள்ளேயே வச்சுப் புழுங்குவா. ஒரு வார்த்தை என் காதுல போட்டிருந்தா விட்டிருப்பேனா?"

"சொன்ன மாதிரிதாங்க ஞாபகம்..." என்று இழுத்தாள் அவள்.

"எப்போ? என்னிக்கு சொன்னே?"

நாள் கிழமை கேட்டால் அவள் எங்கே போவாள்?

டாக்டர், "வலது கண்ணையாவது பார்த்துக்குங்க. போனது போனதுதான், இனி திரும்பாது" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

விஷயம் தெரிந்து மகள் போனில் அழுதாள். "ஏம்மா இப்படி வாயை மூடிக்கிட்டு இருந்தே?"

"என் தப்புதாண்டி. அப்பாகிட்ட சொல்லியிருக்கணும்."

அடுத்தடுத்து விசாரித்தவர்களிடமும் அதையே சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அது நிஜமாகிவிட்டது.

கணவர் ஆங்கில வாத்தியார். கிவ் அப், லுக் ஃபார் என்று ரெண்டு ரெண்டு வார்த்தையாக ஜோடி சேர்ந்து வந்து பிள்ளைகளைப் படுத்தி எடுக்குமே, அந்த ஃப்ரேசல் வெர்புகளுக்கு ஒரு கைடு எழுதியிருந்தார். கடைசியில் அட்வெர்புகளுக்குத் தனியாக ஒரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம், ஒரு ஆங்கில வாக்கியம், பக்கத்திலேயே அதன் தமிழ்.

டாக்டரிடம் போய்வந்த பத்தாம் நாள், பதிப்பாளரே புத்தகக் கட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சார், இருபது வருஷமா கைடு போடறேன். எல்லாரும் 'அவன் பள்ளிக்குச் சென்றான்'லயே நிப்பாங்க. உங்க வாக்கியமெல்லாம் அப்படியே வீட்டுப் பேச்சு! எங்கிருந்து சார் பிடிச்சீங்க?"

"எல்லாம் சொந்தக் கற்பனைதான்" என்று வாத்தியார் அடக்கமாகச் சிரித்தார்.

கற்பனையாவது, கத்திரிக்காயாவது! போன வருஷம் முழுக்க அவர் கூடத்து மேஜையில் நோட்டை விரித்து உட்கார்ந்திருப்பார். அவள் வேலை பார்த்தபடி எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள். திடீரென்று, "இரு, இரு. அதை இன்னொரு தடவை சொல்லு" என்பார். நம்ம பேச்சுக்கும் ஒரு மதிப்பு வந்துவிட்டதே என்று அவளும் பூரித்துப்போய்த் திருப்பிச் சொல்வாள். அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, "சபாஷ்!" என்பார். அதோடு சரி. அவள் என்ன கேட்டாள், ஏன் கேட்டாள் என்பதெல்லாம் அவருக்கு எதற்கு?

பதிப்பாளர் போனதும் அவள் புத்தகத்தை ஆசையாகத் தடவிப் பார்த்தாள்.

"பொடி எழுத்தா இருக்கு, கண்ணுக்குப் பிடிபடலை. நீங்களே படிச்சுக் காட்டுங்களேன்."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிரேக் டவுன். பழுதாகுதல். துவைக்கும் மெஷின் மறுபடியும் பழுதாகிவிட்டது."

"அட, நான் சொன்னது!"

"கிவ் அப். கைவிடுதல். உங்களைத் திருத்தும் முயற்சியை நான் கைவிட்டுவிட்டேன்."

அவள் கலகலவென்று சிரித்தாள். "இதையுமா போட்டீங்க?"

"லுக் ஃபார். தேடுதல். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு எங்கே தேடுகிறீர்கள்?"

அவள் சிரிக்கச் சிரிக்க வாத்தியாருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. ஏற்ற இறக்கத்தோடு படித்துக்கொண்டே போனார்.

'புட் ஆஃப்' என்று ஆரம்பித்தவர், அதற்குமேல் படிக்காமல் நின்றார்.

பேசாமல் பக்கத்தைத் தள்ளிவிட்டிருக்கலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை. விரல் காகிதத்தின் ஓரத்துக்குப் போகவும் செய்தது.

"என்னங்க, நிறுத்திட்டீங்க?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் புரட்ட முடியவில்லை.

"புட் ஆஃப். தள்ளிப் போடுதல். என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவதை இன்னும் எத்தனை நாள் தள்ளிப் போடுவீர்கள்?"

அவள் சிரிப்பு நின்றது.

"இன்னும் இருக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

இருந்தது. எங்கே இருக்கிறது என்று இப்போது அவருக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது. அட்வெர்ப் பகுதியைப் புரட்டினார்.

"கிராஜுவலி. கொஞ்சம் கொஞ்சமாக. என் இடது கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வருகிறது."

"லேட்லி. சமீப காலமாக. பக்கவாட்டில் வருகிறவர்கள் சமீப காலமாக எனக்குத் தெரிவதே இல்லை."

மூன்றும் அவரே கைப்பட எழுதியவை. ஒரு பிழை கிடையாது. ஒவ்வொன்றையும் அவளை இரண்டு தடவை சொல்ல வைத்துத்தான் எழுதியிருப்பார்.

டாக்டர் முன்னால் தான் அடித்துப் பேசியதை நினைக்க அவருக்கு உடம்பே கூசியது. எழுந்து எங்கேயாவது போய்விடலாம் என்றிருந்தது. ஆனாலும் அவள் திட்டட்டும், புத்தகத்தைப் பிடுங்கி எறியட்டும் என்று காத்திருந்தார்.

அவளோ நெஞ்சில் கையை வைத்து, "அப்பாடா!" என்று நீளமாக மூச்சு விட்டாள்.

"சொல்லாமலே இருந்து கண்ணைத் தொலைச்சுட்டேனேன்னு பத்து நாளா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேங்க... அப்போ நான் சொல்லித்தான் இருக்கேன்!"