விட்டுக்கொடுத்த முறை

"உனக்கென்ன விசரே?" தோழி பிரசாந்தியைப் பார்த்துத் தனுசியா கத்தினாள். "உன்ரை மழைக்கணக்குப் புரோகிராமைக் களவாய்க் கொப்பி பண்ணித் தன்ரை பேரிலை பதிஞ்சவன். பிறகு சாதகக் குறிப்புப் பொருந்தேல்லை எண்டு உன்னோடை பேசின கலியாணத்தையும் குழப்பினவன். உவனுக்கே உன்ரை முறையைக் குடுக்கிறாய்?"

பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியில் ஒரு கணக்கை ஓட்ட இரண்டு வாரம் வரிசையில் காத்திருக்க வேண்டும். பிரசாந்தியின் முறை மறுநாளே வந்திருந்தது. வாகீசனுக்கோ நான்கு நாட்களில் மருதனார்மடத்தில், விவசாயிகள் முன்னிலையில் ஆய்வு விளக்கம். பரீட்சகர்களும் வருகிறார்கள்.

"பாவம், பட்டம் பிந்திப்போகும்," என்றாள் பிரசாந்தி.

முறை கைக்கு வந்ததும் வாகீசன் நெகிழ்ந்து போனான். "நீர் தங்கம், பிரசாந்தி."

"ஓம்," என்றாள் அவள்.

விளக்க நாளன்று திரையில் மழை வரைபடம் விழுந்தது. "போன வருசப் பெருமழை ஒக்டோபரிலை பெய்திருக்கு," என்றான் வாகீசன்.

முன்வரிசையில் இருந்த வெங்காயச் செய்கைக்காரர் பரமலிங்கம் எழுந்தார். "தம்பி, போன ஒக்டோபர் முழுக்க நான் கிணத்துத் தண்ணிதான் இறைச்சனான். மழை நவம்பரிலை. நீர் எங்கை போய் நனைஞ்சனீர்?"

மண்டபமே சிரித்தது. பரீட்சகர்கள் பேனாவை மூடினார்கள்.

வெளியே வாகீசன், பார்க்க வந்திருந்த பிரசாந்தியை மறித்தான். "பிழை எங்கை?"

"கணினி மாதத்தைப் பூச்சியத்திலை இருந்து எண்ணும். நவம்பருக்குப் பத்து எண்டுதான் காட்டும்; ஒண்டு கூட்ட வேணும். நீங்கள் களவெடுத்த அடுத்த கிழமையே நான் கண்டுபிடிச்சுத் திருத்திப்போட்டன்."

"தெரிஞ்சுகொண்டோ முறையைத் தந்தனீர்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நான் எப்பிடிச் சொல்லுறது? அது உங்கடை புரோகிராம் எண்டெல்லோ கையெழுத்து வைச்சிருக்கிறியள்?"